புகைக்கு உள்ளே: பீட் புகை ஏறிய ஸ்காட்ச் விஸ்கியைச் சுவைத்து மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஐலா தீவின் விஸ்கியை முதல்முறை முகர்ந்தவரிடம் என்ன வாசம் என்று கேட்டால், "புகை" என்பார். பொய்யில்லை. ஆனால் ஒரு குழம்பை ருசித்துவிட்டுக் "காரம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதற்கு ஒப்பானது அந்தப் பதில். மிளகின் காரம் தொண்டையில் நிற்கும். பச்சைமிளகாயின் காரம் நுனிநாக்கில் சுரீரென்று ஏறும். இஞ்சியின் காரம் நெஞ்சுவரை இறங்கும். புகையிலும் இப்படிப் பல உண்டு. விறகடுப்புப் புகை எது, சாம்பிராணிப் புகை எது, சாலை போடும்போது எழும் தார்ப்புகை எது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்மால் சொல்லிவிட முடியும். அந்த அறிவைக் கிளாஸ்வரை கொண்டுவருவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

அதற்கு நான் இரண்டு பாட்டில்களைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன்: லாகவூலின் 16 ஆண்டு, கல் ஈலா 12 ஆண்டு. இரண்டும் ஐலா விஸ்கிகள். இரண்டிலும் ஆல்கஹால் 43 சதவீதம். இரண்டுக்குமான மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, அதே தீவின் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து வருகிறது. புகையின் அளவும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியும் கிளாஸில் ஊற்றிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம். ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

புகை எங்கிருந்து வருகிறது

சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஹெதர் புதரும் நீரில் ஊறிக் கிடந்து, காற்றுப் படாததால் முழுதும் மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து இறுகிய கரிய மண்தான் பீட். ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் அது சேர்கிறது. மரம் அரிதான தீவுகளில் அடுப்பெரிக்க அதுவே விறகு. அதைக் கட்டிகளாக வெட்டி உலர்த்தி, ஈரமான முளைப்பார்லிக்கு அடியில் எரிப்பார்கள். ஈரம் இருக்கும்வரைதான் புகை உமியில் நன்றாக ஒட்டும். காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் பயன் குறைவு. விஸ்கி தயாரிக்கும் தண்ணீர் பீட் நிலத்தின் வழியாக ஓடிவருவதால்தான் புகை வாசம் என்று சிலர் சொல்வது சரியல்ல. வாசம் ஏறுவது உலர்த்தும் சூளையில்.

அந்தப் புகையில் முக்கியமானவை ஃபீனால் குடும்பத்துச் சேர்மங்கள். குவாயகால் என்பது விறகுப்புகை வாசம் தருவது. கிரெசால்கள் மருந்து நெடியும் தார் நெடியும் தருபவை. நம் ஊரில் தரை கழுவும் கருப்பு ஃபினாயிலில் இருப்பவையும் இதே கிரெசால் வகையறாதான். அதனால் லஃப்ரோய்க் விஸ்கியை முகர்ந்துவிட்டு "ஆஸ்பத்திரி வராந்தா" என்று ஒருவர் சொன்னால் அவர் கேலி செய்கிறார் என்று நினைக்க வேண்டாம். வேதியியல்படி துல்லியமான பதில் அது.

மால்டில் உள்ள ஃபீனாலைப் பி.பி.எம். என்ற அளவில், அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று குறிப்பார்கள். ஐலாவின் வடிசாலைகளில் போமோர் 25 அளவில், லஃப்ரோய்க் 40 முதல் 45, ஆர்ட்பெக் 50 முதல் 55. ப்ரூக்லாடி வடிசாலையின் ஆக்டோமோர் 8.3 என்ற வெளியீட்டில் 309.1. இந்த எண்ணைப் பார்த்து விஸ்கி வாங்குவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எண் மால்டுக்கு உரியது, கிளாஸில் இருக்கும் திரவத்துக்கு உரியதல்ல. அரைத்து ஊறவைத்து வடிக்கும்போது அதில் பெரும்பகுதி சக்கையோடும் கழிவுநீரோடும் போய்விடுகிறது. எஞ்சியதில் எவ்வளவு பீப்பாய்க்குப் போகும் என்பதை வடிப்பவரின் கை தீர்மானிக்கிறது. இரண்டாம் வடிப்பில் முதலில் வரும் பகுதியையும் கடைசியில் வரும் பகுதியையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள். பழவாசம் முன்னால் வரும், கனமான புகைவாசம் பின்னால் வரும். எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதில் விஸ்கியின் குணமே மாறிவிடும்.

லாகவூலினில் குண்டான வடிகலன்கள். அவற்றை நிரம்ப ஊற்றி, கழுத்துக் குழாயைச் செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சரித்து, மெதுவாக வடிக்கிறார்கள். இரண்டாம் வடிப்பு 9 மணி நேரத்துக்கும் மேல் நீளும். கனமான வாசங்கள் தப்பாமல் வந்துசேர்கின்றன. கல் ஈலாவின் வடிகலன்கள் பெரியவை. அவற்றைக் குறைவாகவே நிரப்புவதால் ஆவி செம்போடு அதிக நேரம் உரசி, கனமானவை கீழே விழுந்து, இலேசானவை மேலேறிப் போகின்றன. ஒரே மால்ட், இரண்டு செம்புக் கலன்கள், இரண்டு விஸ்கிகள்.

மேஜையை ஒழுங்கு செய்தல்

கிளாஸ் முக்கியம். அடி அகன்று வாய் குறுகிய துலிப் வடிவக் கிளாஸ் வேண்டும். 2001இல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ் இதற்கென்றே செய்தது. அது கிடைக்காவிட்டால் சிறிய ஒயின் கிளாஸ் போதும். வாய் அகன்ற தட்டையான டம்ளரில் வாசம் சிதறிவிடும். கிளாஸை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். துடைத்த துணியின் சோப்பு வாசம்கூட முகர்தலைக் கெடுக்கும்.

ஒவ்வொன்றிலும் 20 மில்லி ஊற்றினால் தாராளம். இரண்டு கிளாஸ், வெறும் வயிறு கூடாது, வண்டி ஓட்டும் வேலை அன்றைக்குக் கூடாது. துப்பிவிடுவதற்கு ஒரு பாத்திரம் வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. தொழில்முறை மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் மூக்கை வைத்தே வேலையை முடித்துவிடுகிறார்கள்.

அறை வெப்பம் பற்றி ஒரு சொல். அங்கே 'அறை வெப்பம்' என்றால் 18, 20 டிகிரி. மே மாதச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ 33 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கில் குத்தும், மற்ற எதுவும் தெரியாது. மின்விசிறிக் காற்றும் வாசத்தை அடித்துக்கொண்டு போய்விடும். குளிரூட்டிய அறையில், காற்று நேரே வராத மூலையில் உட்காருங்கள். ஐஸ் வேண்டாம். குளிர் வாசத்தை அடைத்துவிடும். சுவைத்து முடித்த பிறகு உங்கள் விருப்பம்போல் குடித்துக்கொள்ளலாம், மதிப்பிடும்போது மட்டும் கூடாது. அன்று ஊதுபத்தி, வாசனைத் திரவியம், தாளிப்பு மூன்றையும் தள்ளிவையுங்கள்.

கூடுமானால் பீட் புகை இல்லாத ஒரு விஸ்கியையும் சிறிதளவு ஊற்றி முதலில் முகருங்கள். சுவர் எது, அதன்மேல் தீட்டிய சித்திரம் எது என்று அப்போதுதான் விளங்கும். பிறகு கல் ஈலா, கடைசியில் லாகவூலின். இலேசானதிலிருந்து கனமானதற்குப் போகவேண்டும். திரும்பி வருவது கடினம்.

முதல் படி: பார்த்தல்

இதில் நேரம் கழிக்க வேண்டாம். ஸ்காட்ச் விதிகள் கேரமல் நிறமி சேர்ப்பதை அனுமதிக்கின்றன. ஆகவே அடர்ந்த நிறம் முதுமைக்கும் தரத்துக்கும் சாட்சி ஆகாது. கிளாஸைச் சாய்த்துச் சுழற்றி, உள்சுவரில் இறங்கும் கோடுகள் எவ்வளவு மெதுவாக இறங்குகின்றன என்று பாருங்கள். மெதுவாக இறங்கினால் திரவத்தில் கனம் இருக்கலாம். தண்ணீர் சேர்த்ததும் மங்கினால் அது குளிர்வடிகட்டல் (குளிரவைத்து எண்ணெய்ப் பசையை வடிகட்டி எடுப்பது) செய்யாத விஸ்கியாக இருக்க வாய்ப்பு அதிகம். குறையாகக் கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி: முகர்தல்

மொத்த நேரத்தில் முக்கால் பங்கை இங்கே செலவிடுங்கள்.

ஊற்றியதும் மூக்கைக் கிளாஸுக்குள் விடக்கூடாது. 10 நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, கிளாஸை முகவாய்க்கு நேரே பிடியுங்கள். அந்தத் தூரத்திலேயே புகை வந்துவிடும். மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டால் ஆல்கஹாலின் குத்தல் தணியும். இழுத்து முகராதீர்கள். பூ முகர்வதுபோல் சின்னச் சின்னதாக முகருங்கள். ஒரு நாசி, பிறகு மறு நாசி.

குத்தலையும் புகையையும் பிரிக்கப் பழகுங்கள். ஆல்கஹால் மூக்கின் நுனியில் சுள்ளென்று தைத்துவிட்டு உடனே போய்விடும். புகை அப்படியில்லை. உள்ளே போய்த் தங்கும், கமறும்.

இப்போதுதான் கேள்வி: என்ன புகை?

விறகடுப்பை அணைத்த பின் எழும் சாம்பல் வாசமா? டிஞ்சர், பேண்டேஜ், ஃபினாயில் என்று மருந்தின் பக்கம் போகிறதா? தார், பழைய கயிறு, ரப்பர் என்று படகுத்துறையை நினைவூட்டுகிறதா? மழை பெய்த பின் தோண்டிய மண்ணும் வேரும் போல ஈரமாக இருக்கிறதா? மாசிக் கருவாட்டின் வாசம் ஒரு அருமையான அளவுகோல். சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்ததுதானே அது. புகையும் உப்பும் மீனும் கலந்த அந்த வாசத்தை ஐலா விஸ்கிகளில் பலமுறை கண்டிருக்கிறேன். ஆர்க்னி தீவின் ஹைலண்ட் பார்க் விஸ்கியை முகர்ந்தால் இன்னொரு திசை தெரியும். மரமில்லாத அந்தத் தீவின் பீட்டில் ஹெதர் அதிகம். புகை சாம்பிராணி போலப் பூவாசத்தோடு வரும்.

வெளியூர்க் குறிப்புகளில் காணும் சொற்களைக் கடன் வாங்க வேண்டாம். நீங்கள் வாழ்நாளில் முகராத ஒன்றின் பெயரை எழுதி என்ன பயன்? கருகல், பொசுங்கல், கமறல், நெடி, வீச்சம், மக்கல், காரல் என்று தமிழில் வாசத்துக்குச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. 'பால் பொங்கி அடுப்பில் விழுந்த வாசம்' என்று எழுதினால் வீட்டில் எல்லோருக்கும் புரியும்.

அடுத்தது, பொறுமை. மூக்குக்கு ஒரு குணம் உண்டு: ஒரே வாசத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் அதை உணர்வதைக் குறைத்துக்கொள்ளும். மற்ற விஸ்கிகளுக்கு இது இடைஞ்சல். பீட் விஸ்கிக்கு இதுவே உதவி. ஐந்தாறு நிமிடத்தில் புகை பின்வாங்கும். அதற்குப் பின்னால் மறைந்திருந்தவை ஒவ்வொன்றாக முன்வரும். மூக்கு சோர்ந்தால் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தை முகருங்கள். உங்கள் தோலின் வாசம் மூக்குக்குப் பழகியது, அதனால் அது புத்துணர்வு பெறும்.

என் குறிப்பேட்டில் இந்த இரண்டும் இப்படி இருக்கின்றன. கல் ஈலா: முதல் நிமிடத்தில் சுத்தமான விறகுப் புகை, சாம்பல். ஐந்தாவது நிமிடத்தில் எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறியபோது தெறிக்கும் எண்ணெய். பதினைந்தாவது நிமிடத்தில் பச்சை ஆப்பிள், ஈரக் கூழாங்கல். லாகவூலின்: முதல் நிமிடத்தில் மருந்தும் புகையும் சேர்ந்த கனமான நெடி. ஐந்தாவது நிமிடத்தில் புகைபோட்ட கருந்தேநீர். பதினைந்தாவது நிமிடத்தில் பேரீச்சை, உலர்ந்த அத்தி, புதிதாகத் தச்ச மரப்பெட்டி. முதல் நிமிடத்தோடு நான் எழுந்திருந்தால் இரண்டுக்கும் "புகை" என்ற ஒரே சொல்தான் மிஞ்சியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். தீக்குச்சி உரசிய வாசம் வந்தால் அது பீட் என்று முடிவு கட்டாதீர்கள். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் தங்கிய கந்தகமாக இருக்கலாம். அதுபோல, போர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்கான பீப்பாயின் உட்புறத்தை நெருப்பால் கரிப்பார்கள். அந்தக் கரியிலிருந்தும் இலேசான புகை வரும், அதில் பீட் இல்லாமலேயே.

மூன்றாம் படி: வாயில்

முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவது மிடறாக அரைத் தேக்கரண்டி அளவு எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி 10 விநாடி வைத்திருங்கள். மெல்லுவதுபோல் அசையுங்கள். திரவத்தின் உடல் எப்படி? தண்ணீர்போல் ஓடுகிறதா, எண்ணெய்போல் வழுக்குகிறதா? முதலில் இனிப்பு வருகிறதா, புகையா? லாகவூலினில் இனிப்பு முன்னால் வந்து, புகை அதன் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறது. கல் ஈலாவில் எண்ணெய்ப் பசையும் எலுமிச்சையும் ஓடி, நடுவில் மிளகு உறைத்து, சாம்பல் கடைசியில் வருகிறது.

விழுங்கிய பிறகு (அல்லது துப்பிய பிறகு) வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் இந்த வாசம், முகர்ந்த வாசத்திலிருந்து வேறுபடும். பீட்டின் மண்வாசம் எனக்கு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

உப்பு பற்றியும் சொல்லவேண்டும். ஐலா விஸ்கியில் உப்பு தெரிகிறது என்று பலரும் எழுதுகிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். உணர்வது உண்மை. ஆனால் கடற்காற்று பீப்பாய்க்குள் புகுந்து உப்பேற்றியது என்ற முடிவுக்குப் போகவேண்டாம். கல் ஈலாவின் பெரும்பகுதி டேங்கர் லாரியில் ஏறி ஸ்காட்லாந்தின் பெருநிலத்துக்குப் போய் அங்கேதான் பீப்பாயில் முதிர்கிறது. உணர்ந்ததை எழுதுங்கள், காரணத்தைக் கற்பிக்காதீர்கள்.

நான்காம் படி: பின்சுவை

கடிகாரத்தைப் பாருங்கள். சுவை முழுதும் மறைய எத்தனை விநாடி? நீளம் மட்டும் போதாது, எதில் போய் முடிகிறது என்பதும் வேண்டும். நல்ல பீட் விஸ்கியில் இனிப்பு, புகை, துவர்ப்பு என்று பின்சுவையும் படிப்படியாக மாறும். மோசமானதில் நாக்கில் வெறும் சாம்பல் மட்டும் ஒட்டிக்கொண்டு, சிகரெட் கிண்ணத்தை நக்கியதுபோல் கசக்கும்.

ஐந்தாம் படி: தண்ணீர்

தண்ணீர் கலப்பது விஸ்கியைக் கெடுப்பது என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. ஆனால் பல பீப்பாய் விஸ்கிகளைச் சேர்த்துக் கலக்கும் தொழில்முறைக் கலப்பாளர்கள் ஆல்கஹாலை 20 சதவீதம் அளவுக்கு இறக்கித்தான் முகர்கிறார்கள். சுவீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சனும் ரான் ஃப்ரீட்மனும் 2017இல் கணினி உருவகிப்பில் இதை ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் மிகுந்த கரைசலில் குவாயகால் மூலக்கூறுகள் உள்ளே சூழப்பட்டுக் கிடக்கின்றன. தண்ணீர் சேர்த்து 45 சதவீதத்துக்குக் கீழே இறக்கும்போது அவை திரவத்தின் மேற்பரப்பை நாடுகின்றன. மேற்பரப்புக்கு வந்தால் மூக்குக்கு வந்ததுபோல்தான்.

கணக்கு எளிது. 20 மில்லி விஸ்கி 43 சதவீதத்தில் இருந்தால், ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி தண்ணீர் அதை 34 சதவீதத்துக்குச் சற்று மேலே கொண்டுவரும். 23 மில்லி சேர்த்தால் 20 சதவீதம். முதலில் சில சொட்டுகள் விட்டு 2 நிமிடம் காத்திருந்து முகருங்கள். பிறகு ஒரு தேக்கரண்டி. ஆர்.ஓ. தண்ணீரோ உப்புக் குறைந்த பாட்டில் தண்ணீரோ நல்லது. குளோரின் வாசமுள்ள குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது, அது மருந்து நெடியோடு சேர்ந்து குழப்பிவிடும். கல் ஈலாவில் தண்ணீர் விட்டதும் பழமும் பூவும் விரிகின்றன. லாகவூலினில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் எனக்கு அதன் உடல் தளர்ந்துவிடுகிறது. உங்களுக்கு வேறாக இருக்கலாம், அதனால்தான் அளந்து விடச் சொல்கிறேன்.

மதிப்பிடுதல்

மதிப்பெண் போடும் ஆசையை முதல் சில முறைகளுக்கு அடக்கிவையுங்கள். அதற்குப் பதிலாகக் குறிப்பேட்டில் சில கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். புகையை ஒதுக்கிவிட்டால் மீதம் ஏதாவது இருக்கிறதா? என் தராசில் முதற்கேள்வி இதுதான். இளம் விஸ்கியின் பச்சைத்தன்மையைப் புகையால் மூடிவிடுவது எளிது. 15 நிமிடம் கழித்துப் புகை தணிந்தபின் பச்சை மாவும் கசப்பும் மட்டும் இருந்தால் அங்கே சரக்கில்லை. இரண்டாவது, முகர்ந்ததும் சுவைத்ததும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? மூக்கில் பெரும் வாக்குறுதி தந்து நாக்கில் சப்பென்று போகும் விஸ்கிகள் நிறைய. மூன்றாவது, கிளாஸில் அரை மணி நேரத்தில் அது மாறிக்கொண்டே இருந்ததா, ஒரே இடத்தில் நின்றதா?

குறைகளையும் கவனியுங்கள். நனைந்து மக்கிய அட்டைப்பெட்டி வாசம் இருந்தால் கார்க்கில் கோளாறு. வியர்வையும் ஈரத்தோலும் நாறினால் வடிப்பின் கடைசிப் பகுதி அளவுக்கு மீறி உள்ளே வந்திருக்கிறது. சோப்பு வாசம் என்றால் முதலில் கிளாஸைச் சந்தேகியுங்கள்.

வயதை மதிப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பீப்பாயில் ஆண்டுகள் கூடக்கூடப் புகை தணியும். ஸ்காட்ச் என்று பெயர் வைக்கவே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருக்கவேண்டும். அந்த மூன்றில் இருக்கும் நெருப்பு இருபத்தைந்தில் இராது. ஆகவே புகை குறைவு என்று பழைய விஸ்கியின் மதிப்பைக் குறைக்காதீர்கள், புகை மிகுதி என்று இளையதன் மதிப்பைக் கூட்டவும் வேண்டாம். லாகவூலின் 8 ஆண்டையும் 16 ஆண்டையும் அருகருகே வைத்து முகர்ந்தால் இது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

பாட்டிலைத் திறந்த தேதியைக் குறித்துவையுங்கள். பாதிக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் காற்று சேர்ந்து, மாதங்கள் போகப் போகப் புகையின் கூர்மை மழுங்கும். அதே விஸ்கியை வேறொரு நாளில், முந்தைய குறிப்பைப் பார்க்காமல், மறுபடி சுவைத்து எழுதுங்கள். இரண்டு நாளும் எழுதிய சொற்களில் எவை திரும்ப வந்தனவோ அவைதான் அந்த விஸ்கிக்கு உரியவை. மற்றவை அன்றைய மனநிலைக்கும் அன்றைய சாப்பாட்டுக்கும் உரியவை.

கடைசிப் படி: காலி கிளாஸ்

முடித்ததும் கிளாஸைக் கழுவாதீர்கள். மேலே ஒரு சிறு தட்டை மூடி இரவு முழுதும் அப்படியே வையுங்கள். ஆல்கஹால் எல்லாம் போய், எளிதில் ஆவியாகாதவை மட்டும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் மூடியை எடுத்து ஒரே ஒரு முறை முகருங்கள். சென்ற முறை கல் ஈலாவின் கிளாஸில் எலுமிச்சை முற்றிலும் போய், தண்ணீர் தெளித்து அணைத்த அடுப்பின் வாசம் மட்டும் இருந்தது. லாகவூலினின் கிளாஸில் பேரீச்சம்பாகும் குளிர்ந்த சாம்பலும் ஒன்றாக இருந்தன. அதையும் தேதி போட்டு எழுதிவிட்டு, சோப்பு இல்லாமல் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.